எல்லோரும் ஒரே குரலில் பேசும்போது தன் குரலைக் காப்பது எப்படி: ஆறு வார வழிகாட்டி

எழுத்துப் பயிற்சிக் குழு ஒன்றில் பன்னிரண்டு பேர் தட்டச்சு செய்து கொடுத்த கட்டுரைகளைப் பெயர் நீக்கி, கலைத்து, மேசையில் பரப்பினேன். "உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். இரண்டு பேர் ஒரே தாளின் இரு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவருமே அது தன்னுடையது என்று உறுதியாக நம்பினார்கள். முதல் வரியில் ஒரு கேள்வி, நடுவில் ஒற்றைச் சொல் வாக்கியங்கள், கடைசியில் ஒரு தத்துவம் என்று பன்னிரண்டு தாள்களும் அப்படித்தான் இருந்தன. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆனால் எல்லோரும் கைபேசியில் ஒரே ஓடையில் தண்ணீர் குடித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குழுவிலும் முதல் ஆறு வாரங்களை இதற்காகவே ஒதுக்குகிறேன். முதலில் எனக்கு நானே செய்து பார்த்துத்தான் மற்றவர்களிடம் கொடுத்தேன். எழுதுபவர், வரைபவர், படம் பிடிப்பவர் ஆகியோருக்கு நேரடியாகப் பயன்படும். எதையும் படைக்காதவருக்கும் தன் கருத்து, உடை, ஆசை எல்லாம் தன்னுடையதுதானா என்ற சந்தேகம் இருந்தால் இது உதவும். படிகளின் வரிசை முக்கியம். வரிசையை மாற்றியவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் நின்றார்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு காகித நோட்டும் பேனாவும் வேண்டும். கைபேசியில் குறிப்பெழுதும் செயலி இதற்கு ஆகாது. எதிலிருந்து விலகி நின்று பார்க்க வேண்டுமோ அதற்குள்ளேயே உட்கார்ந்து எழுதுவதாகிவிடும்.

உங்களிடம் உண்மை பேசக்கூடிய ஒரே ஒரு மனிதர் வேண்டும். அவர் தேவைப்படுவது எட்டாவது படியில்தான். ஆனால் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது தேவை, வாய் திறக்காமல் இருப்பது. "ஆறு வாரம் ஒரு முயற்சி செய்யப்போகிறேன்" என்று எங்கும் அறிவிக்காதீர்கள். அறிவித்தவுடன் பாராட்டு வரும். முயற்சி செய்ததற்கான நிறைவு அப்போதே கிடைத்துவிடும். பிறகு முயற்சியைச் செய்ய மனம் வராது.

1. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, முதல் நாளே செயலிகளை எல்லாம் அழித்துவிடுவது. வீரமாகத்தான் இருக்கும். பத்து நாளில் எல்லாம் திரும்ப வந்துவிடும். எது தன்னை இழுத்தது என்று தெரியாமல் அழித்ததால், அதே இடத்தில் அதே பள்ளத்தில்தான் மறுபடி விழுகிறார்கள்.

ஆகவே முதல் வாரம் வழக்கம் போலவே இருங்கள். நோட்டில் மட்டும் மூன்று பத்தி கோடு போடுங்கள்: என்ன பார்த்தேன், நானாகத் தேடினேனா தானாக வந்ததா, பார்த்து முடித்ததும் எப்படி இருந்தது. எல்லாவற்றையும் எழுத முடியாது. ஒரு நாளுக்குப் பத்து வரி போதும்.

ஒரு பெண்ணின் நோட்டில் நான் பார்த்த பக்கம் இன்னும் நினைவிருக்கிறது. "அறை அலங்கரிப்பு. தானாக வந்தது. என் அறை அசிங்கமாகத் தெரிந்தது." அடுத்த வரி: "அதிகாலை எழும் பழக்கம். தானாக வந்தது. நான் சோம்பேறி என்று தோன்றியது." ஒன்பது வரிகள் இப்படியே போயின. பத்தாவது வரியில், "மழைச் சத்தம். நானே தேடினேன். ஒன்றும் தோன்றவில்லை, நன்றாக இருந்தது." ஏழாம் நாள் அவரே இரண்டாவது பத்தியை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2. குழாயை மூடுங்கள், கிணற்றை விட்டுவிடுங்கள்

இணையத்தை விட்டு ஓட வேண்டியதில்லை. தானாக வந்து கொட்டுவதை நிறுத்தி, நாமாகப் போய் எடுப்பதை மட்டும் வைத்துக்கொள்வதே இந்தப் படி.

காரணம் இதுதான். பரிந்துரைக்கும் அல்காரிதம் நம் விருப்பத்தைப் பார்ப்பதில்லை. நம் நடத்தையைப் பார்த்து, அடுத்து எதில் நிற்போம் என்று கணிக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தோம், எதைத் திரும்பப் பார்த்தோம், எதைப் பகிர்ந்தோம் என்பவைதான் அதன் கண்ணில் படும் தடயங்கள். யூடியூப் 2012இலேயே, எத்தனை முறை சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. முகம் சுளித்துக்கொண்டே கடைசிவரை பார்த்த வீடியோவும் முழுதாகப் பார்த்ததாகத்தான் கணக்கில் ஏறும். ஒரு மனிதரிடம் "இது எனக்கு வேண்டாம்" என்று முகபாவத்தாலேயே சொல்லிவிடலாம். அங்கே அது செல்லாது.

செய்ய வேண்டியது: யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்துங்கள். வரலாறு இல்லாவிட்டால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் அநேகமாக வராது, தேடும் பெட்டி மட்டும் நிற்கும். அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் கால வரிசையில் காட்டும் பக்கம் 2022 முதல் இருக்கிறது, அதற்கு மாறுங்கள். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியும் 2021 முதல் உண்டு. மனிதர் நேரடியாக அனுப்பும் செய்திகளைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

இதை ஒரே உட்காரலில் செய்து முடியுங்கள். அரை மணி நேரம் ஆகும். "நாளை மீதியைப் பார்ப்போம்" என்று விட்டவர் யாரும் மீதியைச் செய்ததில்லை.

3. சும்மா இருக்கும் நேரத்தைத் தாங்குங்கள்

இரண்டாவது படிக்குப் பிறகு மூன்று நான்கு நாள் கை தானாகப் பைக்குள் போகும். வரிசையில் நிற்கும்போது, பஸ்சில், தூங்கும் முன். அந்த நேரத்தை நல்ல புத்தகத்தால் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். நிரப்பாதீர்கள். ஒரு வாரம் மட்டும் வெறுமனே இருங்கள்.

அடிக்கடி கண்ணில் படுவதே ஒன்றைப் பிடித்ததாக ஆக்கிவிடும் என்பதை 1968இலிருந்து உளவியல் சோதனைகள் காட்டி வருகின்றன. பழகிப்போனதும் பிடித்ததும் உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் இருக்கும். புதிதாக எதுவும் வந்து விழாத சில நாட்கள் கிடைத்தால்தான் இரண்டும் பிரிந்து தெரியும். பழகியது மட்டும் என்றால் மறந்துபோகும். பிடித்தது என்றால் தேடி வரும்.

4. பழைய சான்றுகளைத் தோண்டி எடுங்கள்

"உண்மையில் நான் யார்?" என்று கண்ணை மூடி யோசிப்பதால் பயனில்லை. யோசித்து வரும் பதில் பெரும்பாலும் கடைசியாகப் படித்த நல்ல வாக்கியமாகத்தான் இருக்கும். சான்றைத் தேட வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாம் செய்தவையே சான்று.

எங்கே தேடலாம்? அனுப்பாமல் விட்ட கடிதங்களில், பள்ளி நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில், கைபேசியில் யாருக்கும் அனுப்பாத படங்களில். நண்பர்கள் சலித்துக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் மறுபடி மறுபடி பேசும் விஷயமும் ஒரு சான்றுதான். பத்து வயதில் மணிக்கணக்காக எதில் மூழ்கிக் கிடந்தீர்கள் என்பதை உங்களோடு வளர்ந்தவர்களிடம் கேளுங்கள். நம் நினைவைவிட அவர்கள் நினைவு இதில் நம்பகமானது.

படம் பிடிக்கும் இளைஞர் ஒருவர் என் குழுவில் இருந்தார். அவர் வெளியிட்ட படங்கள் எல்லாம் அந்தி வானம், பளிச்சென்ற முகம், அந்தந்த மாதத்தில் எல்லோரும் பூசும் அதே வண்ணச் சாயல். "வெளியிடாதவற்றைக் காட்டு" என்றேன். தயங்கித்தான் காட்டினார். காத்திருக்கும் மனிதர்களின் முதுகுகள். பஸ் நிறுத்தத்தில், மருத்துவமனை வரிசையில், ஜன்னல் ஓரத்தில். ஒரு முதுகு சுவரில் சாய்ந்திருந்தது, இன்னொன்று குழந்தையின் எடையால் ஒரு பக்கம் வளைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளாக, தனக்கே தெரியாமல், ஒரே விஷயத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். "இதெல்லாம் சும்மா எடுத்தது" என்றார். அந்தச் சும்மாவைத்தான் இந்தப் படியில் தேடுகிறோம்.

கிடைத்தவற்றை நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இதை யாரும் ஒருபோதும் பார்க்க மாட்டார்கள் என்றால் இப்போதும் செய்வேனா? ஆம் என்று தயங்காமல் வருவதற்கு அடியில் கோடு இழுங்கள். மூன்று கோடு கிடைத்தால் போதுமானது. ஒன்றே கிடைத்தாலும் கவலை வேண்டாம், அடுத்த படிக்குப் போகலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழையது என்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. பத்து வயதிலும் நாம் பார்த்துச் செய்தவை ஏராளம். அதனால்தான் அந்தக் கேள்வி.

5. மற்றவர் கருத்தைப் பார்ப்பதற்கு முன் தீர்ப்பை எழுதுங்கள்

வேறெதையும் செய்ய முடியாவிட்டாலும் இந்த ஒரு படியைச் செய்யுங்கள்.

ஒரு பாட்டு, கட்டுரை, செய்தி, படம், எதுவாயினும் சரி, முடிந்தவுடன், கருத்துகளையும் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன், நோட்டில் ஒரு வரி தீர்ப்பு எழுதுங்கள். "நன்றாக இருந்தது" என்றால் ஏற்கக் கூடாது. "இரண்டாவது பாதியில் அவசரம் தெரிகிறது", "அந்த ஒரு இடத்தில் தொண்டை அடைத்தது" என்று இடத்தைச் சுட்டி எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு, விருப்பமிருந்தால், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதலில் எழுதியதை அடிக்காமல், அதன் கீழே புதிதாக எழுதுங்கள்.

ஏன் எழுத வேண்டும், மனதில் நினைத்தால் போதாதா? சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. எந்தக் கோடு எதற்குச் சமம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும் கேள்வி. அறையில் மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னபோது, நான்கில் சுமார் மூன்று பேர் ஒருமுறையாவது அந்தத் தவறான விடையையே தாங்களும் சொன்னார்கள். பின்னர் அவர் செய்த மாற்றங்களில், விடையைத் தனியாக எழுதச் சொன்னபோது அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. சரியான விடை சொல்லும் ஒரே ஒரு துணை இருந்தபோதும் குறைந்தது. ஆக, தனியே எழுதிய வரி ஒன்றும் துணை நிற்கும் ஒருவரும் இருந்தாலே நம் கண் கண்டதை நம்புவது எளிதாகிவிடுகிறது.

ரசனையிலும் இதே கதைதான். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் அறியப்படாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோர் இணையத்தில் கேட்டார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகில் எத்தனை பேர் எதைப் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் பார்த்தார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் முன்னணிப் பாடல்கள் இன்னும் முன்னே போயின. ஆனால் எது முன்னே போனது என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ஓர் உலகில் உச்சியில் நின்ற பாட்டு இன்னோர் உலகில் நடுவில் கிடக்கலாம். அடுத்த முறை லட்சக்கணக்கான லைக்கைப் பார்த்து உங்கள் தீர்ப்பு ஆட்டம் காணும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் புகழ்வதை வேண்டுமென்றே மட்டம் தட்டத் தொடங்கிவிடுவார்கள். கூட்டம் வடக்கே போனால் நான் தெற்கே என்று கிளம்புபவரின் திசையையும் கூட்டம்தான் தீர்மானிக்கிறது. பத்து லட்சம் பேருக்குப் பிடித்தது உங்களுக்கும் மனதாரப் பிடித்திருந்தால் அப்படியே எழுதுங்கள்.

6. ஒருவரை மட்டும், முழுதாகப் பின்பற்றுங்கள்

பின்பற்றுவதே பாவம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படி வியப்பளிக்கும். பின்பற்றாமல் யாரும் எந்தக் கலையையும் கற்றதில்லை. நூறு பேரை மேலோட்டமாகப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் கண்ணைக் கவரும் ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி எடுப்பதுதான் கேடு. அப்படி எடுத்த துணுக்குகள் எல்லோர் கையிலும் ஒரே துணுக்குகளாகத்தான் இருக்கும். புலியைப் பார்த்துப் பூனை போட்டுக்கொண்ட சூடு, தோலோடு நின்றுவிடுகிறது.

உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒருவரின் ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வரிக்கு வரி, கோட்டுக்குக் கோடு திரும்பச் செய்யுங்கள். பத்து நாள் எடுத்துக்கொள்ளலாம். இதை எங்கும் வெளியிடக் கூடாது, பயிற்சிக்கு மட்டும்.

ஓவியர் வான்கோ 1889, 1890 ஆண்டுகளில் மருத்துவமனையில் இருந்தபோது, தனக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியரான மில்லேயின் ஓவியங்கள் சுமார் 20ஐப் பார்த்து வரைந்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். உருவமும் அமைப்பும் மில்லேயுடையவை, வண்ணத்தை வான்கோதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் படங்களை இன்று யாரும் மில்லேயுடையது என்று மயங்குவதில்லை.

உங்கள் பிரதியிலும் இப்படி ஒரு விலகல் இருக்கும். மூலத்தை அருகில் வைத்து, எங்கே தவறிப்போனீர்கள் என்று சிவப்பு மையால் குறியுங்கள். சில இடங்களில் திறமை போதாமல் விலகியிருப்பீர்கள், அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம். வேறு சில இடங்களில், மூலத்தின்படி செய்யத் தெரிந்தும் கை வேறு பக்கம் போயிருக்கும். அங்கே இரண்டு கோடு இழுங்கள்.

7. முதல் வரைவு உங்களுடையதாக இருக்கட்டும்

எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நான் தடை செய்வதில்லை. வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். மொழி மாதிரிகள், அதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்தே எழுதுகின்றன. குறிப்பாக எதுவும் சொல்லாமல் கேட்டால், எல்லோரும் அந்த இடத்தில் எழுதக்கூடியதை ஒட்டியே பதில் வரும். அதைப் படித்துவிட்டு நீங்கள் எழுத உட்கார்ந்தால், அந்த வார்ப்பிலிருந்து வெளியே வருவது கடினம்.

ஆகவே, முதலில் நீங்களே எழுதுங்கள், எவ்வளவு மோசமாக வந்தாலும் பரவாயில்லை. பிறகு பிழை இருக்கிறதா, தகவல் விட்டுப்போயிற்றா என்று கேளுங்கள். "இதை அழகாக்கித் தா" என்று மட்டும் கேட்காதீர்கள். கரடுமுரடாக இருந்ததால்தான் சில வரிகள் உங்களுடையவை.

8. எண்களுக்கு முன் ஒரு மனிதர்

ஆறாவது வாரத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்திருப்பீர்கள். அதை உலகத்துக்குக் காட்டுவதற்கு முன், தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த அந்த ஒருவரிடம் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் நான் தெரிகிறேன், எந்த இடத்தில் வேறு யாரோ தெரிகிறார்கள்?" என்று கேளுங்கள். உங்களை நெடுநாள் அறிந்தவருக்கு இதற்குப் பதில் சொல்வது கடினமே இல்லை.

1973இல் வெளியான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் ஆய்வைப் புதியவர்களிடம் தவறாமல் சொல்வேன். வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், தந்தார்கள். சில நாட்கள் கழித்துப் பரிசு எதுவும் இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பரிசு தீங்கு செய்யவில்லை, பரிசுக்காகத்தான் என்ற எண்ணம் தீங்கு செய்தது. நடைமுறையில் இதன் பொருள் எளிது: வெளியிட்டபின் 48 மணி நேரம் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். அடுத்தது தொடங்கிய பிறகு வரும் எண், அதன் திசையை அவ்வளவு எளிதில் திருப்ப முடியாது.

9. தடுமாறும் இடங்கள்

"என்னுடையது என்று எதுவுமே கிடைக்கவில்லை." நான்காவது படியை ஒரே மாலையில் முடித்தவர்கள்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். பழைய பெட்டிகளையும் பழைய படங்களையும் பார்க்க ஒரு வாரம் கொடுங்கள்.

"நண்பர்கள் பேசுவது எதுவும் புரியவில்லை, ஒதுங்கிப்போன மாதிரி இருக்கிறது." இது உண்மையான இழப்பு, இதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். அவர்களிடமே கேளுங்கள். "அதில் என்ன வந்தது, சொல்லு" என்று கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அவர்கள் வாயிலிருந்து வரும்போது அதில் அவர்களுடைய ரசனையும் கலந்திருக்கும்.

"கண்டுபிடித்துவிட்டேன், இதுதான் என் பாணி." இதைக் கேட்டால்தான் எனக்கு அதிகம் கவலை வருகிறது. முதுகுகளைப் படம் பிடித்த அந்த இளைஞரிடம், முதுகுகளை மட்டுமே எடுப்பவர் என்று பெயர் வாங்கிவிடாதே என்றுதான் சொன்னேன். ஒரு முத்திரையைக் குத்திக்கொண்டபின் நாம் நம்மையே நகலெடுக்கத் தொடங்குகிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்காவது படியைத் திரும்பச் செய்து, பழைய பட்டியலைப் பார்க்காமல் புதிய பட்டியல் எழுதுங்கள்.

"என் பிழைப்பே இந்தத் தளங்களில்தான்." இவர்களிடம் எல்லாவற்றையும் மூடச் சொல்வது நியாயமில்லை. ஓடும் போக்குக்கு ஏற்பச் செய்யும் வேலையை வேலையாகவே, நேர்த்தியாகச் செய்யுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கூடவே வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை, இரண்டு மணி நேரம் போதும், எண்ணிக்கை நுழையாத இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் செய்வதை வேறு நோட்டில், வேறு கோப்பில், முடிந்தால் வேறு மேசையில் வையுங்கள். வேலைக்காக எடுத்ததை அங்கே கொண்டுபோகாதீர்கள். அங்கே பிறந்தது வேலைக்கு உதவும் என்று தோன்றினால், ஒரு மாதம் ஆறப்போட்டு, அந்த ஒரு மனிதரிடம் காட்டிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.